புதுப் பட்டதாரிக்கு மட்டும்

மெங் வெய்லானின் பட்டச் சான்றிதழ் கோங் சாரின் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. நான்கு வருஷம் நீரியல் படித்து, ஒரு பாடத்திலும் தவறாமல், ஆற்றங்கரையில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு நீர்மட்டம் அளந்து ஆய்வறிக்கை எழுதி அவள் சம்பாதித்த சான்றிதழ் அது. அதைக் கையில் தரமாட்டேன் என்கிறார் மனுஷன். ஏனாம்? அவளுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லையாம். வேலை கிடைக்காத பெண்ணிடமிருந்து வேலை தேடுவதற்கு வேண்டிய சான்றிதழைப் பிடுங்கி வைத்துக்கொள்வது! இப்படி ஒரு நியாயத்தை எந்தக் கடையில் வாங்கினார்களோ தெரியவில்லை.

கோங் சார்தான் அவளுடைய வகுப்புக்கு ஆலோசகர். வயது இருபத்தொன்பதுதான். தடிமனான கண்ணாடி, கையில் எப்போதும் மூடி போட்ட வெந்நீர்க் குடுவை. நாற்பத்து மூன்று பேர் வகுப்பில் முப்பத்தொன்பது பேர் 'வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்' என்று கம்பெனி முத்திரை வாங்கிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். மீதி நான்கு பேரின் பெயரைத் தினமும் காலையில் வகுப்பின் கைபேசிக் குழுவில் போட்டு மானத்தை வாங்குவார். ஜூன் மாதம் முழுக்க அந்த நான்கில் முதல் பெயர் வெய்லானுடையதுதான்.

"பாரும்மா, ஒரே ஒரு காகிதம். அதுல ஒரு சிவப்பு முத்திரை. இதுக்கு ஏன் இவ்வளவு அடம் பிடிக்கிற?" என்றார், அவளை அறைக்குக் கூப்பிட்டு.

"அடம் இல்ல சார். லின்ஹே மாவட்ட நீர்வள அலுவலகத்துக்கு எழுதினேன்ல, எழுத்துத் தேர்வுல முதல் இடம் வந்திருக்கேன். ஜூலை பதினொண்ணாம் தேதி நேர்காணல். அசல் சான்றிதழ் இல்லாம வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"அதான் சொல்றேன். காகிதத்தைக் கொண்டா, சான்றிதழை எடுத்துட்டுப் போ."

"அந்த இடம் புதுப் பட்டதாரிக்கு மட்டும்னு போட்டிருக்காங்க சார். இந்த வருஷம் படிச்சு முடிச்சிருக்கணும், எங்கயும் வேலையில சேர்ந்திருக்கக் கூடாது. சேர்ந்துட்டேன்னு நானே எழுதிக் கொடுத்தா என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட மாதிரி ஆகாதா?"

"அட, அது நம்ம வகுப்போட வேலைவாய்ப்பு விழுக்காட்டுக்கு மட்டும்தாம்மா. ஆகஸ்ட் கடைசியில மேல இருந்து எண்ணிட்டுப் போயிடுவாங்க. செப்டம்பர்ல ரத்து பண்ணிக் கிழிச்சுப் போட்டுடலாம். யாரு பாக்கப் போறா? நான் பொறுப்பு."

நான் பொறுப்பு! எந்த அலுவலகத்திலும் இந்த வார்த்தையைத் தாராளமாகக் கொடுப்பார்கள், ஏனென்றால் எழுத்தில் யாரும் கேட்பதில்லை. வெய்லானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

விடுதிக்குத் திரும்பி, கட்டிலில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பெய் நிங்கிடம் கொட்டித் தீர்த்தாள். அறைத்தோழி பெய் நிங் வாய் ஓயாதவள்.

"என்னப் பாரு" என்றாள் அவள், பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து. "நாய் குளிப்பாட்டுற கடையில விலங்கு நல மேலாளர். முத்திரையெல்லாம் பளபளன்னு இருக்கு. இணையத்துல விக்கிறான், வாங்கிட்டு வந்துட்டேன். அந்தக் கடை எந்த ஊர்ல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. நாய் முடி பட்டா எனக்குத் தும்மல் வேற வரும்."

"உனக்கு வெட்கமா இல்லையாடி?"

"எனக்கு ஏன்டி வெட்கம்? இருநூறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். நூத்தித் தொண்ணூறு பேர் பதிலே போடல. மீதிப் பத்துப் பேர் மூணு வருஷ அனுபவம் இருக்கான்னு கேட்டான். இருபத்திரண்டு வயசுல மூணு வருஷ அனுபவத்துக்கு நான் முதல் வருஷத்துலயே வகுப்பை விட்டுட்டு வேலைக்குப் போயிருக்கணும். வெட்கப்படுறவன் அங்க இருக்கான். நீ பேசாம ஒரு முத்திரை வாங்கிப் போட்டுட்டு நேர்காணலுக்குப் போய்ச் சேரு."

பெய் நிங் சொன்னதில் தவறில்லை. ஆனால் வெய்லானுக்கு அந்த ஒரே இடம்தான் உயிர். முந்நூற்று எண்பத்தாறு பேர் எழுதிய தேர்வு அது. லின்ஹே அவளுடைய சொந்த மாவட்டம். அங்கே நீரியல் படித்தவருக்கு ஓர் இடம் காலியாவது எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒரு முறை. அம்மா குவாங்தோங் பக்கம் ஒரு செருப்பு ஆலையில் பசை ஒட்டுகிறாள். பதினாறு வருஷமாகப் புத்தாண்டு வசந்த விழாவுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவள். 'இந்த வேலை கிடைச்சா அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுவேன்' என்பதை வெய்லான் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குள்ளேயே தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். புதுப் பட்டதாரி என்ற தகுதி போய்விட்டால் பொதுப் பிரிவில் ஓர் இடத்துக்கு ஆயிரக்கணக்கானோருடன் முட்டி மோத வேண்டும். அந்தத் தகுதி ஒருமுறை போனால் போனதுதான்.

முன்பின் தெரியாதவன் முத்திரையை வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. லின்ஹேயில் மாமா இருந்தார்.

அம்மாவின் தம்பி லுவோ ஷென், பேருந்து நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறார். வெய்லான் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் காலைச் சாப்பாடு அந்தக் கடையில்தான். மாமாவுக்கு இரண்டு விஷயத்தில் பயம்: ஒன்று, சூப்பு ஆறிப்போவது; இன்னொன்று, அரசாங்கக் காகிதம். கடை உரிமத்தையும் முத்திரையையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு, டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார்.

"பாப்பா, இது தப்புக் காரியம் இல்லையே?" என்று மூன்று தடவை கேட்டார்.

"எல்லாரும் பண்றாங்க மாமா. சார் பொறுப்புன்னு சொல்லிட்டாரு."

"என்ன வேலைன்னு போடணும்? பாத்திரம் கழுவறதுன்னு போட்டா அக்கா என்னைக் கொன்னுடுவா."

படிப்புக்குச் சம்பந்தமான பதவியாக இருக்கட்டும் என்று கோங் சார் ஏற்கெனவே செய்தி அனுப்பியிருந்தார். வெய்லான் பேனாவைக் கடித்தபடி யோசித்து 'நீர்த்தர ஆலோசகர்' என்று எழுதினாள்.

"எந்த நீருக்கு?" என்று எட்டிப் பார்த்தார் மாமா. "என் சூப்புக்கா? இருபது வருஷமா நானே பாத்துக்கிட்டேன், இப்ப ஆலோசகர் வந்துட்டாங்க! உப்பு பத்துதா பாருங்க ஆலோசகரே!"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பிறகு மாமா கையைக் கழுவித் துடைத்து, முத்திரையின் மேல் வாயால் 'ஹா' என்று ஊதி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். வட்டம் கொஞ்சமும் கலையாமல் விழுந்தது.

காகிதம் போனது, சான்றிதழ் வந்தது. வகுப்புக் குழுவில் கோங் சார் அவள் பெயருக்கு நேரே மூன்று பூக்கள் போட்டார். பதினொன்றாம் தேதி நேர்காணலில், வெள்ளக் காலத்தில் பழைய அணைக்குக் கீழே உள்ள கிராமங்களை எந்த வரிசையில் எச்சரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவள் ஆய்வறிக்கையே அதுதான். பேசப் பேச, ஐந்து பேரில் நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம். எழுத்தும் பேச்சும் சேர்த்து மொத்தத்தில் முதல் இடம். இரண்டாவது ஆளுக்கும் அவளுக்கும் நான்கு மதிப்பெண் வித்தியாசம். அன்றைக்குக் கடைக்கு வந்த ஒவ்வொருவர் கிண்ணத்திலும் மாமா கூடுதலாக இரண்டு துண்டு மாட்டிறைச்சி போட்டார். கேட்டவனுக்கும் சொன்னார், கேட்காதவனுக்கும் சொன்னார்: "எங்க பாப்பா நீர்வள அதிகாரி!"

அம்மா ஆலையிலிருந்து குரல் செய்தி அனுப்பினாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே அழுதுகொண்டே சிரித்தாள். கடைசியில், "நான் மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன், வர்ற வருஷம் நான் இருக்க மாட்டேன்னு" என்றாள்.

இனி உடல் பரிசோதனையும் ஆவணச் சரிபார்ப்பும்தான் பாக்கி. உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மதியம் மாவட்டப் பணியாளர் அலுவலகத்திலிருந்து, "வந்து ஒரு விளக்கம் கொடுத்துட்டுப் போங்க" என்று அழைப்பு. மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு, சமையல் முன்கவசத்தைக்கூடக் கழற்றாமல் அவளுடன் ஓடினார்.

சரிபார்ப்பு மேசையில் துவான் என்ற அம்மாள் இருந்தார். நாற்பது வயது, களைத்த முகம். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஜூலை மாசம் உன் பேர்ல சமூகக் காப்பீடு ஏறியிருக்கு. வேலை கொடுத்தவர் இடத்துல லுவோ நூடுல்ஸ் கடைன்னு இருக்கு. நீ வேலையில சேர்ந்துட்ட. புதுப் பட்டதாரி கணக்குல நீ வர மாட்ட."

"காப்பீடா? நான் ஒண்ணும் கட்டலையே! வெறும் முத்திரைதான்..." வெய்லான் பாதியில் நிறுத்தி மாமாவைப் பார்த்தாள்.

மாமாவின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"நான்தான் கட்டினேன்" என்றார். "பொய்க் காகிதம்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. நாளைக்கு எவனாவது வந்து, கடையில காப்பீடே இல்லாம எப்படி ஆலோசகர்னு கேட்டா, புள்ள பட்டத்துக்கே கேடு வந்துடுமோன்னு... ஒரு மாசம் கட்டிட்டா பொய் உண்மையாயிடும்னு நெனச்சேன். புள்ளைக்கும் நல்லதுதானேன்னு..."

அடப் பாவமே! பொய் முத்திரை கேட்டவனுக்கு உறுத்தவில்லை. பொய்யென்று தெரிந்தே எண்ணிக்கொண்டு போகிற மேலிடத்துக்கு உறுத்தவில்லை. கிண்ணம் கழுவுகிற மனுஷனுக்கு உறுத்தியது. அந்த உறுத்தல்தான் இப்போது அந்தப் பெண்ணின் கழுத்தை நெரித்தது.

"அம்மா, நான் ஒரு நாள்கூட அங்க வேலை பாக்கல" என்றாள் வெய்லான். "பல்கலைக்கழகத்துல சான்றிதழைப் பிடிச்சு வச்சுக்கிட்டாங்க. அது இல்லாம நேர்காணலுக்கு நீங்களே விட மாட்டீங்க. அதுக்காகத்தான் அந்த ஒப்பந்தம். அது பொய்னு எழுதிக் கொடுக்கறேன், மாமாவும் எழுதிக் கொடுப்பாரு."

துவான் அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுப் பேசு பொண்ணே. பொய் ஆவணம் கொடுத்தேன்னு எழுதிக் கொடுத்தா அது மோசடி. அஞ்சு வருஷம் எந்த அரசுத் தேர்வும் எழுத முடியாது. உண்மையான ஒப்பந்தம்னா நீ வேலையில இருக்கறவ, இந்த இடம் கிடையாது. நானா வச்ச விதி இல்ல இது."

"உண்மை சொன்னாலும் போச்சு, பொய் சொன்னாலும் போச்சு. அப்ப நான் என்னதான் சொல்லணும்? நீங்களே சொல்லுங்க!"

"உங்க பல்கலைக்கழகம் கடிதம் கொடுத்தா மேல கேட்டுப் பாக்கறேன். எண்ணிக்கைக்காக வாங்கினது, வேலை எதுவும் நடக்கலன்னு முத்திரையோட."

வெய்லான் தாழ்வாரத்துக்கு ஓடி கோங் சாருக்கு அடித்தாள். ஐந்தாவது தடவைதான் எடுத்தார். நடந்ததைச் சொன்னாள்.

"காப்பீடு கட்டச் சொன்னேனா நான்? முத்திரை மட்டும்தானே கேட்டேன்?"

"பொறுப்புன்னு சொன்னீங்க சார். இப்ப ஒரு கடிதம்தான் கேக்கறேன். நீங்க கட்டாயப்படுத்தினீங்கன்னுகூட வேண்டாம், வேலை நடக்கலன்னு மட்டும் போடுங்க."

கோங் சார் எங்கோ ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வெய்லான், என் நிலைமையையும் பாரு. நானும் முதுகலை முடிச்சு ரெண்டு வருஷம் அலைஞ்சு இந்த வேலைக்கு வந்தவன். மூணு வருஷ ஒப்பந்தம். விழுக்காடு தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா புதுப்பிக்க மாட்டாங்க. ஒரு காகிதம் பொய்னு நான் எழுதிக் கொடுத்தா மீதி நாப்பத்திரண்டையும் தோண்டுவாங்க. என் வீட்ல எட்டு மாசக் குழந்தை இருக்கு."

"அப்ப எங்க அம்மா?"

"யாரு?"

"எங்க அம்மா சார்! ஆலையில சொல்லிட்டாங்க, அடுத்த வருஷம் வர மாட்டேன்னு. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்? எங்க சார் விழுக்காட்டைக் காப்பாத்தணும், அதனால நீ இன்னும் பதினாறு வருஷம் பசை ஒட்டுன்னு சொல்லட்டுமா?"

"கத்தாத. நான் ஒரு சாதாரண..."

"கத்துவேன்! நாலு வருஷமா கைகட்டி நின்னு 'சரி சார்'னு சொன்னேன்ல? அதுக்கும் சேர்த்துக் கத்துவேன்!"

இணைப்பு அறுந்தது. தாழ்வாரத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கோங் சார்மேல் இரக்கம் வந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். அவனும் பயந்து சாகிற ஒருவன்தான். பயந்தவனைக் கொண்டே பயந்தவளை அமுக்குகிற வேலையை மேலே இருப்பவர்கள் எத்தனை சுலபமாக முடித்துவிட்டார்கள்!

உள்ளே திரும்பியபோது துவான் அம்மாள் ஒரு படிவத்தை எடுத்து வைத்திருந்தார்.

"கடிதம் கிடைக்கலன்னு உன் முகத்தைப் பாத்தாலே தெரியுது. இதுல கையெழுத்துப் போட்டுடு. உனக்கும் நல்லது. ஆவணத்துல கறுப்புப் புள்ளி எதுவும் விழாது, பொதுப் பிரிவுல மறுபடி எழுதலாம்."

படிவத்தில் ஒரே வரி: 'தனிப்பட்ட காரணங்களால் தாமாகவே விலகுகிறேன்.'

வெய்லான் அதை இரண்டு தடவை படித்தாள்.

"நான் விலகலையே."

"இது எல்லாரும் போடற படிவம்தான்."

"தகுதி இல்லைன்னு நீங்க எழுதுங்க. காரணத்தையும் எழுதுங்க. சான்றிதழை வச்சு மிரட்டிப் பொய் வாங்கினதையும், அந்தப் பொய்யை வச்சு நீங்க என்னை வெளியே தள்ளறதையும் எழுதுங்க. அதுக்குக் கீழ வேணா கையெழுத்துப் போடறேன்."

"அப்படியெல்லாம் எழுத இடமில்லம்மா."

மாமா அவள் முழங்கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "போட்டுடு பாப்பா. அதிகாரிங்ககிட்ட வச்சுக்காத. என் புத்தியால வந்த வினை, மாமாவைத் திட்டு, அடிச்சுக்கூடப் போடு. இதுல போட்டுடு."

"மாமா, நான் இதுவரைக்கும் போட்டது ஒரே ஒரு பொய்க் கையெழுத்து" என்றாள் வெய்லான். "அதுக்கே இவ்வளவு. ரெண்டாவது போட மாட்டேன்."

படிவத்தை மேசையில் வெறுமையாகவே வைத்துவிட்டு எழுந்தாள். துவான் அம்மாள் தடுக்கவில்லை. மாமா தனக்கும் அவளுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்து குனிந்து பின்னால் வந்தார்.

மூன்று நாள் அவள் கடையின் மாடியறையில் மல்லாந்து கிடந்தாள். அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை. பெய் நிங் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: 'நாய்க் கடையில ரெண்டாவது மேலாளர் பதவி காலி. வர்றியா?' அதைப் படித்துத்தான் வெய்லான் முதல்முறையாக அழுதாள். மாமா வேளாவேளைக்குக் கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே இறங்கிப் போனார்.

நான்காம் நாள் காலை அலுவலக வாசல் பலகையில் இறுதி அறிவிப்பு ஒட்டியிருந்தது. வெய்லான் தனியாகப் போய்ப் பார்த்தாள். நீர்வளப் பிரிவு, ஓர் இடம். இரண்டாவதாக வந்தவரின் பெயருக்கு நேரே 'நியமனத்துக்குப் பரிந்துரை'. முதல் வரிசையில் அவள் பெயர், மதிப்பெண், எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த வரிசையின் கடைசிக் கட்டத்துக்குள் அச்சடித்திருந்தார்கள்: 'தாமாகவே விலகினார்.'

எதிர்வெயிலில் நின்றபடி அதைப் படம் பிடித்தாள். தப்பாகப் படித்துவிடவில்லையே என்று பலகையை மறுபடியும் படித்தாள். பிறகு உள்ளே போனாள்.

அன்றைக்குத் துவான் அம்மாள் உட்கார்ந்திருந்த விண்ணப்பச் சாளரத்தின் முன்னால் பன்னிரண்டு பதின்மூன்று பேர் வரிசை. எல்லோரும் அவள் வயதுதான். எல்லோர் கையிலும் ஒளிபுகும் உறையில் சான்றிதழ்கள். வெய்லான் வரிசையில் நின்றாள். தன் முறை வந்ததும் சாளரத்தை நெருங்கினாள்.

துவான் அம்மாள் நிமிர்ந்து பார்த்து, பேனாவை நகர்த்தி வைத்தார். "இப்ப எதுக்கு வந்த? முடிஞ்சு போச்சேம்மா."

"நான் விலகின காகிதத்தைப் பாக்கணும்."

"என்ன காகிதம்?"

"தாமாகவே விலகினார்னு வாசல்ல ஒட்டியிருக்கீங்க. தாமா விலகினா கையெழுத்து இருக்கும்ல? அதைக் காட்டுங்க. என் கையெழுத்து எனக்குத் தெரியும்."

"அது அலுவலக நடைமுறை. வழியை விடு, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

பின்னால் நின்ற பெண் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, கையெழுத்தே போடாம விலகினதா எழுதிட்டாங்களா?"

"ஆமா."

"எனக்கும் இந்த மாதிரி ஒரு ஒப்பந்தம் இருக்கு" என்றான் அதற்கும் பின்னால் இருந்தவன். வரிசையில் பேச்சு கிளம்பியது. யாரும் முன்னே தள்ளவில்லை. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். மாடியறை காலியாக இருந்ததைப் பார்த்துத் தேடிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார், கையில் அகப்பையோடு. வாசல் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இழுத்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, வெய்லான் சாளரத்தின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மாமா அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு தடவை கனைத்தார்.

"அன்னிக்கு நானும் கூடத்தான் இருந்தேன். எங்க பாப்பா கையெழுத்துப் போடல" என்றார். "அந்தக் காகிதத்தை எனக்கும் காட்டுங்கம்மா."